விளங்காமல் ஆட்டிய தலை

நடந்ததை நான் சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

கனடாவில் குடியிருந்த யாழ்ப்பாணத் தம்பதி வாகீசனும் நளாயினியும் ஐந்து வயது மரிசோலைத் தத்தெடுக்கக் கொலம்பியாவுக்குப் போயிருந்தார்கள். கோர்ட் உத்தரவும் பிள்ளையின் பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டன. விமானத்துக்கு இன்னும் மூன்று நாள். அதுவரை, மரிசோலை இரண்டு வருடமாக வளர்த்த ரோசா அம்மாள் வீட்டுக்குத் தினமும் போய்வந்தார்கள்.

நளாயினி மாலை வகுப்பில் ஸ்பானிய மொழி படித்திருந்தாள். வாகீசனுக்குத் தெரிந்தது ஒரே சொல்: ‘சீ’. ஆம் என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரிக் கேட்டாலும், பிள்ளை எதைச் சொன்னாலும் ‘சீ, சீ’ என்று தலையாட்டுவான். அவளும் சிரிப்பாள்.

அன்று காலை மரிசோல் தன் கோழியைத் தூக்கிவந்து ஏதோ கேட்டாள். வாகீசன் வழக்கம்போலத் தலையாட்டினான். அவள் துள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, பயணப் பையிலிருந்த உடுப்பையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, பை நிறையச் சோளத்தைக் கொட்டினாள். நளாயினி விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பெப்பா என்ற அந்தக் கோழியும் கூட வரலாமா என்று கேட்டிருக்கிறாள். அப்பா சம்மதித்துவிட்டார்.

“விளங்காமல் சொன்னதை வாக்கெண்டு எடுக்கேலாது. நானே பிள்ளைக்கு உண்மையைச் சொல்லிவிடுறன்,” என்றாள் நளாயினி.

“எனக்கு விளங்கேல்லை எண்டது அவளுக்குத் தெரியாதே. நாளைக்குப் பின்னேரம் வரை பொறும்,” என்றான் வாகீசன்.

ரோசா அம்மாளோ, கோழியைப் பக்கத்து வீட்டில் மறைத்துவிட்டு அது எங்கோ ஓடிப்போனது என்று சொன்னால் பிள்ளை இரண்டு நாளில் மறந்துவிடுவாள் என்றாள்.

வாகீசன் விமான அலுவலகத்துக்குப் போனான். கால்நடை அதிகாரியிடம் போனான். எல்லோரும் சிரித்தார்கள், காப்பி கொடுத்தார்கள். அனுமதி மட்டும் கொடுக்கவில்லை. மறுநாள் மாலை திரும்பிவந்தபோது, மரிசோல் கையில் சோளத்துடன் வேலியோரமாகப் பெப்பாவைக் கூப்பிட்டுத் திரிந்தாள். ரோசா அம்மாள் தான் சொன்னபடியே கோழியை மறைத்துவிட்டிருந்தாள்.

வாகீசன் நேரே பக்கத்து வீட்டுக்குப் போய், கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து, பிள்ளைக்கு எதிரே நிலத்தில் உட்கார்ந்தான்.

“நீ கேட்டது எனக்கு விளங்கேல்லை, பிள்ளை. விளங்காமல்தான் தலையாட்டினனான். பெப்பாவைக் கொண்டுபோக ஏலாது. பிழை என்ரை.”

நளாயினி அதை அப்படியே மொழிபெயர்த்தாள். மரிசோல் விளக்கேற்றும் வரை அழுதாள். புறப்படுகிற நேரத்தில் பிள்ளையை அழவைத்துவிட்டாயே என்று ரோசா அம்மாள் கோபித்தாள். நேற்றே சொல்லவிட்டிருந்தால் ஒரு நாள் ஏமாந்திருக்க மாட்டாளே என்று நளாயினி வருந்தினாள்.

மூவரும் பிள்ளையின் நன்மையைத்தான் நினைத்தார்கள். இதில் யார் செய்தது சரி?

விடை: ரோசா அம்மாள் சொற்படி விட்டிருந்தால், பிள்ளை கோழியைத் தேடிக்கொண்டே விமானம் ஏறியிருப்பாள். நளாயினி சொல்ல நினைத்தது உண்மைதான். ஆனால் அவள் சொல்லியிருந்தால், அப்பா கொடுத்ததை அம்மா பறித்தாள் என்றே பிள்ளை எண்ணியிருக்கும். தலையாட்டியவனே வாய்திறந்தான், அதுவே சரி. ஒரு நாள் பிந்தியது மட்டும் குறை. மரிசோலும் ஏறக்குறைய அப்படித்தான் தீர்ப்புச் சொன்னாள். மறுநாள் காலை அவனைப் பெப்பாவின் முன்னால் உட்காரவைத்து, ‘நோ எந்தியெந்தோ’ என்று பத்துத் தடவை சொல்லவைத்தாள். ‘எனக்கு விளங்கவில்லை’ என்று பொருள். விமானத்தில் அவள் ஏதோ கேட்டாள். ஆடப்போன தலையை நிறுத்தி, வாகீசன் அதைச் சொன்னான். மரிசோல் ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டி, அதே கேள்வியை மெதுவாக மறுபடி கேட்டாள்.