யானையைத் தேய்த்த கரை

வேப்பந்திரடு ஊரில் உச்சிமாகாளியின் வாயை மூடிவைக்க ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அது அவருடைய அக்கா சண்முகவடிவு. அவளுக்கும் வெற்றிலையின் தயவு வேண்டும். அன்று காலை என்ஜினியரின் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருவதைப் பார்த்ததும், நாலு வெற்றிலையைச் சேர்த்து மடித்து, பாக்கும் சுண்ணாம்பும் தாராளமாக வைத்து, தம்பியின் வாயில் அவளே திணித்தாள்.

"ஜீப் திரும்பிப் போற வரைக்கும் துப்பப்படாது. துப்புனேன்னா எனக்குத் தம்பியே கிடையாதுன்னு நெனச்சுக்கிடுவேன்."

ஐம்பத்தெட்டு வயசுத் தம்பி தலையை ஆட்டினார்.

விஷயம் இதுதான். ஊருக்கு மேற்கே காட்டோடையை மறித்து ஒரு மண்கரை கிடக்கிறது. மலையில் மழை கொட்டும்போது வெள்ளம் ஊருக்குள் பாயாமல் பிடித்து நிறுத்தி, மதகு வழியாக மெல்ல விடுவதற்காகப் போட்ட சின்ன அணை. மற்ற நாளெல்லாம் காய்ந்துதான் கிடக்கும். அதில் பெருச்சாளிகள் குடும்பம் குடும்பமாகக் குடியேறிவிட்டன. போன ஐப்பசியில் கரைக்குக் கீழே முதல் வீடான சண்முகவடிவு வீட்டில் அடுப்புக்குள்ளேயே தண்ணீர் ஊறியது. இந்த வருஷம் மழைக்கு முன்னால் இந்த வட்டாரத்து மூன்று கரைகளில் ஒன்றுக்குத்தான் மராமத்து, எது மோசமோ அதற்கு என்று சொல்லிவிட்டார்கள். அது வேப்பந்திரட்டுக்குக் கிடைக்காவிட்டால் அவள் வீடு நிற்காது. ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வந்த என்ஜினியர் ஸ்டெல்லா புஷ்பம் என்ற அம்மாள். சிரிப்பை ஆபீசில் பூட்டி வைத்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். கரையில் ஏறி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். சண்முகவடிவு வளைகளைக் காட்டி, இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போகிறது என்று சொன்னாள். அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். மேலாக நாலு பொந்து எந்தக் கரையிலும் இருக்கும், மற்ற இரண்டிலும் வெடிப்பே விட்டிருக்கிறது என்றார். அதோடு விட்டிருக்கலாம். நோட்டைத் திறந்துகொண்டே, "சின்னக் கரைதானே" என்றும் சொல்லிவிட்டார்.

உச்சிமாகாளியின் முகம் கறுத்தது. இருபத்தாறு வயசில் அந்தக் கரைக்குத் தலைச்சுமையாக மண் சுமந்தவர் அவர். அவரைக் குட்டையன் என்று சொன்னால் சேர்ந்து சிரிப்பார். கரையைச் சின்னது என்று சொன்னால் தாங்கமாட்டார். நாலு எட்டு தள்ளிப் போனார். துப்புகிற சத்தம் கேட்டது.

"பாக்கதுக்குச் சின்னதாத்தான் இருக்கும். அமுங்கின அமுக்கு அப்படி" என்று ஆரம்பித்தார்.

கரை போட்டபோது ரோலர் வரவில்லையாம். தென்காசிச் சீமை பூராவும் ஆள் அனுப்பி, நாற்பதாயிரம் ஆடுகளைப் பத்திவந்து நாற்பது நாள் மிதிக்கவிட்டார்களாம். மிதித்த மிதியில் நாற்பதடிக் கரை பதினாலு அடியாக இறுகிப்போனதாம். பதம் பார்ப்பதற்காக உச்சிமாகாளி ஒரு கடப்பாரையை ஓங்கிப் போட்டாராம். அது கொக்கியாக வளைந்து அவர் கைக்கே திரும்பி வந்துவிட்டதாம். கசமுத்து வீட்டுக் கிணற்றில் இன்றைக்கும் உருளை தொங்குவது அந்தக் கொக்கியில்தானாம்.

வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் நின்ற டீக்கடைக் கசமுத்து, அந்தக் கொக்கி பாவூர்ச்சத்திரம் சந்தையில் தான் வாங்கியது என்றார். யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை. என்ஜினியர் அம்மாள் நோட்டில் எழுதினார். சண்முகவடிவு எட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவுக்கு அவளுக்குப் படிப்பு உண்டு. 'கரை நல்ல நிலை' என்று இருந்தது.

தம்பியின் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள். அவர் அதைச் சபாஷ் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்து வெள்ளம் வந்த கதை. கரை போட்ட வருஷமே மலை உயரத்துக்குத் தண்ணீர் வந்ததாம். கரையைப் பார்த்ததும் வெட்கப்பட்டு வந்த வழியே திரும்பி மலை ஏறிவிட்டதாம். மேலூரில் ஒருத்தி காலையில் ஓடையில் பறிகொடுத்த செம்புப்பானை, மத்தியானம் அதே படித்துறைக்கு வந்து நின்றதாம். விளக்கித் துலக்கி, தண்ணீரும் நிறைத்து.

"தலையில தூக்கி வைக்க வேண்டியதுதான் பாக்கி" என்று கசமுத்து குத்தலாகச் சொன்னார். அதையும் வெள்ளமே செய்திருக்கும், அந்தப் பொம்பளைதான் கூச்சப்பட்டு வேண்டாம் என்றுவிட்டாள் என்று உச்சிமாகாளி விளக்கம் கொடுத்தார்.

இனி இவனிடம் பேசிப் புண்ணியமில்லை என்று சண்முகவடிவு வீட்டுக்கு ஓடினாள். வயலில் புகைபோட்டுப் பெருச்சாளி பிடிக்கிறவர்கள் வைத்திருப்பது போல, தூரில் ஓட்டை போட்ட பானை ஒன்று அவள் வீட்டிலும் கிடந்தது. அதில் வைக்கோலை அடைத்து, அடுப்பிலிருந்து நெருப்பு அள்ளிப் போட்டு, சுளகையும் எடுத்துக்கொண்டு கரையைச் சுற்றி, தண்ணீர் தேங்கும் உட்பக்கம் இறங்கினாள். இருப்பதிலேயே பெரிய வளையில் பானையின் வாயைப் பொருத்திச் சுற்றிலும் மண்ணால் பூசினாள். தூர் ஓட்டையில் சுளகால் வீசினாள். கண் எரிந்தது, இருமல் வந்தது. நிறுத்தவில்லை. என் வீடாச்சே என்ற கோபம் கையில் இருந்தது.

கரைக்கு மேலேயிருந்து தம்பியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது யானை வந்திருந்தது. மலையிலிருந்து இறங்கிய ஒற்றைக் கொம்பன், முதுகு அரிப்புக்காகக் கரையில் உரசியதாம். மூன்று நாள் ராப்பகலாக உரசியும் கரையில் ஒரு கைப்பிடி மண் உதிரவில்லையாம். யானைதான் தேய்ந்துகொண்டே வந்ததாம். நாலாம் நாள் பார்த்தால் எருமை அளவுக்கு நின்றதாம். மலைக்குத் திரும்பிப் போக வெட்கப்பட்டு ஊரிலேயே தங்கிவிட்டதாம்.

"எங்க அக்கா வீட்டுல நிக்கில்லா ஒரு எருமை, அது அந்த வம்சம். அதான் பேரு சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்காது, அம்புட்டு மிடுக்கு."

சண்முகவடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகத் தன்மீதே எரிச்சல்பட்டு, இன்னும் வேகமாக வீசினாள். பிறகு பானையை அப்படியே விட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி கரையேறினாள்.

உச்சிமாகாளி உச்சத்தில் இருந்தார். "ஊசி நுழையாது, எறும்பு நுழையாது. ஏன், காத்து இருக்கே காத்து, அதுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகணும்னா மேலே ஏறி இறங்கித்தான் போகணும்."

சொல்லி முடிக்கவில்லை. ஊர்ப்பக்கச் சரிவில், அவர் குதிகாலுக்குப் பின்னாலிருந்து ஒரு கீற்றுப் புகை எழுந்தது. நாலடி தள்ளி இன்னொன்று. மதகு ஓரத்தில் மூன்று. என்ஜினியர் அம்மாளின் செருப்புக்குப் பக்கத்தில் ஒன்று. கசமுத்து கைநீட்டிய இடத்தில் ஒன்று, அது நல்ல தடிமன்.

எல்லாரும் உச்சிமாகாளியைப் பார்த்தார்கள். அவர் புகையைப் பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது. அவர் பேச்சில்லாமல் நின்று சண்முகவடிவு பார்த்ததே கிடையாது. அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது.

பாவம் ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

"அது ஒண்ணுமில்ல" என்றார் உச்சிமாகாளி. "முப்பத்திரெண்டு வருசமா இந்தக் கரை ஒரு நாள் லீவு எடுக்காம வெள்ளத்தைத் தாங்கிக்கிட்டு நிக்கி. மழைக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கேன்னு, ஆளில்லாத நேரம் பாத்து ஒரு பீடி குடிக்கும். நீங்க வந்திருக்கியன்னு அதுக்கு யாரும் சொல்லல போல."

என்ஜினியர் அம்மாள் சிரிக்கவில்லை. சரிவில் இறங்கிப் புகை வந்த இடங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். ஏழு. நோட்டில் முன்பு எழுதியதை அடித்துவிட்டு, ஒரு பக்கம் முழுக்க எழுதினார். பிறகு அதே குரலில் சொன்னார்.

"இத்தனை வருஷம் பீடி குடிச்சிருந்தா நெஞ்சு அரிச்சுப் போயிருக்கும். மத்த ரெண்டுக்கும் தோல்லதான் வெடிப்பு. முதல் வைத்தியம் இதுக்குத்தான்."

திங்கட்கிழமை களிமண் லாரி வந்துவிடும், ஐப்பசிக்கு முன்னால் ஏழு வளையையும் தோண்டி அடைத்துவிடுவோம் என்றார். சண்முகவடிவு கரிபடிந்த கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. புகையினால் என்று சொல்லிக்கொண்டாள். அந்த அம்மாள் கையில் ஒட்டிய கரியைத் துடைக்காமலே ஜீப்பில் ஏறினார்.

"லாரின்னதும்தான் ஞாபகம் வருது" என்றார் உச்சிமாகாளி. "கரை போட்ட புதுசுல இதுல ஒரு லாரி வந்து மோதி..."

சண்முகவடிவு மடியிலிருந்த மிச்ச வெற்றிலை நாலையும் மடித்து, பாக்குகூட வைக்காமல் அவர் வாயில் திணித்தாள்.

"திங்கக்கெழமை மண்ணு வந்து எறங்குற வரைக்கும் துப்பப்படாது."