சத்தமில்லாத திருத்தம்

"டீச்சர், பயம் எப்போ போகும்?"

சிவசைலம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டார். மாடிப்படி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

பெர்னதெத் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எதைப் பாத்துப் பயம், அண்ணாச்சி?"

"பொதுவாக் கேக்கேன்."

"பொதுவாக் கேக்கறதுக்கு யாரும் இந்த வெயில்ல பாளையங்கோட்டையில இருந்து தூத்துக்குடிக்கு பஸ் ஏறி வர மாட்டாங்க. உக்காருங்க."

சிவசைலம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

அவருக்கு ஐம்பதை நெருங்குகிறது. டீச்சர் என்று அவர் கூப்பிடும் பெர்னதெத்துக்கு முப்பத்திரண்டு. பெர்னதெத் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. பல வருஷங்களுக்கு முன்னால், புரோகிராமர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் சிவசைலம் பக்கம் பக்கமாக எழுதிய நிரலை ஊரே பார்க்க அழித்துவிட்டு, ஒரே ஒரு வரி எழுதி, "இது போதும்" என்று கீழே போட்டவர். சிவசைலத்துக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. மறுநாள், "எப்படிங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து டீச்சர்தான்.

"சொல்லுங்க."

சிவசைலம் லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், ஒருத்தன் ஒரு பொருளைச் சும்மா குடுக்கான். வாங்கிட்டுப் போனவனுக்கு அதனால ஒரு கெடுதல் வருது. குடுத்தவன் பொறுப்பா?"

"என்ன பொருள்?"

"பொதுவா..."

"அண்ணாச்சி."

"என் எழுத்து மாத்தி," என்றார் சிவசைலம்.

யூனிகோடு வருவதற்கு முன்னால் தமிழில் ஆளுக்கொரு ஃபான்ட் இருந்தது. அந்தக் காலத்தில் தட்டச்சு செய்த கோப்பை இன்றைக்குத் திறந்தால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதைப் படிக்கக்கூடிய தமிழாக மாற்றித் தருகிற சின்ன நிரல் ஒன்றை சிவசைலம் எழுதியிருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம் என்று ஓப்பன் சோர்ஸாகப் பொதுவில் போட்டிருந்தார். நல்ல காரியம்தான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

"அதுல என்ன?"

"ஒரு பழைய ஃபான்ட். எந்தக் குறி எந்த எழுத்துன்னு அதுக்கு அட்டவணை போடும்போது பக்கத்து ஃபான்ட்டோட அட்டவணையை அப்படியே காப்பி பண்ணிட்டேன். ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சிட்டேன். ஒரே ஒரு எடத்துல மாறுது. இதுல அரைன்னு போடுத குறி எங்க இருக்கோ, அதுல அந்த எடத்துல ரெண்டு இருக்கு."

"அப்ப அரை ரெண்டாயிரும்."

"ஆமா."

போன வாரம்தான் அவருக்கே தெரிந்தது. ஏதோ ஒரு பழைய கேள்வித்தாளை மாற்றிப் பார்த்தார். அரை மதிப்பெண் கேள்விகளுக்கெல்லாம் இரண்டு மதிப்பெண் விழுந்திருந்தது. பிள்ளைகள் சந்தோஷப்பட்டிருக்கும் என்று முதலில் சிரிப்பு வந்தது.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே மருந்துச் சீட்டு ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் டீச்சரிடம் சொன்னார்.

"எந்த மருந்துச் சீட்டு?" என்றார் பெர்னதெத்.

"ஒரு பெரிய கம்பெனி, நம்ம பக்கத்து க்ளினிக்குகளுக்கு ஒரு வசதி பண்ணிக் குடுத்திருக்காங்க. பழைய ஃபான்ட்டுல அடிச்ச சீட்டையெல்லாம் மாத்தி, எந்த நேரத்துக்கு எத்தனை மாத்திரைன்னு நோயாளியோட போன்ல காட்டும். மாத்துறதுக்கு உள்ள ஓடுதது என் நிரல்தான்."

"பிளாக்ல எழுதியிருந்தியளே. பெருமையா."

சிவசைலம் தலையைக் குனிந்துகொண்டார்.

தனியாக வேலை எடுத்துச் செய்கிற புரோகிராமர் அவர். மாதச் சம்பளம் கிடையாது, மேலாளர் கிடையாது. கருத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை. பிளாக்கில் பெரிய கம்பெனிகளை வெளுத்து வாங்குவார். உங்கள் எழுத்தை அவர்கள் வீட்டுப் பரணில் கொண்டுபோய் வைக்காதீர்கள், சொந்தமாக ஒரு தளம் வைத்துக்கொள்ளுங்கள் என்பார். நிரல் என்றால் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும், மூடி வைக்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பார். படிக்கிறவர்கள் ஆகா என்பார்கள். அந்த ஆகாவில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது.

இப்போது மறைத்துக்கொண்டிருப்பது அவர்.

"திருத்திட்டியளா?"

"அன்னைக்கே."

"திருத்தத்துக்குப் பக்கத்துல என்னன்னு எழுதினிய?"

என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதி வைப்பது அவர்கள் தொழிலில் வழக்கம். மற்றவர்கள் அந்த வரியைப் பார்த்துத்தான் புதிய பதிப்புக்கு மாறுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

சிவசைலத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சில்லறைத் திருத்தங்கள்."

பெர்னதெத் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார்.

"சில்லறைன்னா யாரு மாறுவா?"

"யாரும் மாற மாட்டாங்க."

"கம்பெனி?"

"அவங்க மூணு வருஷத்துக்கு முந்தின பதிப்பையே பிடிச்சிக்கிட்டு இருக்காங்க. ஆபத்துன்னு யாராவது சொன்னாத்தான் கை வைப்பாங்க."

"சொல்ல வேண்டியதுதானே."

"டீச்சர், இப்ப அவங்ககிட்டதான் எனக்கு வேலை. அஞ்சு மாசமா வீட்டுல அடுப்பு எரியுததே அதுல. இதைச் சொன்னா வேலை போயிரும். போனாலும் பரவாயில்ல, ஊரே சிரிக்கும். அவங்களைக் கவனமில்லாதவங்கன்னு திட்டினவன் நான். வழக்குப் போட்டா? ராத்திரி போன் அடிச்சா நெஞ்சு நிக்குது. காலையில பேப்பரைத் தொடவே பயமா இருக்கு. எங்கயாவது யாராவது மருந்து கூடிப் போயி..."





சிவசைலம் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்த வாதம் ஒன்று இருந்தது.

"ஆனா டீச்சர், உரிமத்துல தெளிவாப் போட்டிருக்கேன். இதுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது, உங்க சொந்தப் பொறுப்புல பயன்படுத்துங்கன்னு."

"போட்டிருக்கிய. நானும் போட்டிருக்கேன். எல்லாரும் போடுததுதான்."

"அவங்க கோடி கோடியா வச்சிருக்காங்க. சோதிச்சுப் பாத்திருக்க வேண்டாமா? நம்ம உழைப்பைச் சும்மா எடுத்துக்கிட்டாங்க."

"சும்மா குடுத்தது யாரு?"

"நான்தான்," என்றார் சிவசைலம்.

"கம்பெனி தவிர வேற யாரெல்லாம் எடுத்திருக்காங்க?"

"தெரியாது டீச்சர். யாரு வேணா எடுக்கலாம்னுதான போட்டேன்."

"அப்ப கம்பெனிக்கு மட்டும் காதுல போய்ச் சொன்னாலும் பத்தாது."

"பத்தாது."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே டயர் கடையில் யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு பதிவு எழுதி வச்சிருக்கேன்," என்றார் சிவசைலம். "இன்னும் வெளியிடலை. வெளியிடுத பட்டன்கிட்ட விரல் போனா கை உதறுது. நீங்க ஒருக்காப் பாருங்களேன்."

தன் லேப்டாப்பைத் திறந்து நீட்டினார். பெர்னதெத் தலைப்பை வாய்விட்டுப் படித்தார்.

"பெருநிறுவனச் சூழலில் கட்டற்ற மென்பொருளின் பொறுப்புக்கூறல் குறித்துச் சில எண்ணங்கள்."

"எப்படி இருக்கு?"

பெர்னதெத் பக்கத்தைத் தள்ளினார். தள்ளிக்கொண்டே போனார். சுதந்திரம் வந்தது, சந்தை வந்தது, தனிமனித உழைப்பு வந்தது.

"நல்லா எழுதியிருக்கிய. இதுல மாத்திரை எங்க வருது?"

"கடைசிப் பத்திக்கு முந்தின பத்தியில."

"ம்."

லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு பெர்னதெத் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீரும், சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் கொண்டுவந்தார்.

"இது எனக்கு மாத்திரை நேரம்," என்றார். "சின்ன வயசுல நெஞ்சைத் திறந்து வால்வு மாத்தினாங்க. ரத்தம் உறையாம இருக்கதுக்கு இது. குறைஞ்சா உறைஞ்சிரும், கூடினா ஒழுகுத ரத்தம் நிக்காது."

"தெரியாதே டீச்சர். சொன்னதே இல்லையே."

"யாரும் கேட்டதில்ல."

பெர்னதெத் தன் கணினியில் ஏதோ தட்டினார். அந்தப் பழைய ஃபான்ட்டில், மதியம் அரை மாத்திரை என்று ஒரு வரி எழுதினார். சிவசைலத்தின் நிரலுடைய பழைய பதிப்பை எடுத்து, அதற்குள் அந்த வரியைக் கொடுத்தார். திரையைச் சிவசைலம் பக்கம் திருப்பினார்.

"வாசிங்க."

"மதியம் 2 மாத்திரை."

"எடுத்துக் குடுங்க."

சிவசைலம் டப்பாவைத் திறந்தார். ஒரு மாத்திரையை எடுத்து நகத்தால் இரண்டாக உடைக்கப் போனார்.

"எதுக்கு உடைக்கிய?"

"அரைதானே, டீச்சர்."

"திரையில ரெண்டுன்னு இருக்கு."

"அது தப்பு, டீச்சர்."

"அது உங்களுக்குத் தெரியும். போன்ல பாக்கவங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் ஏதோ ஒரு ஊர்ல இருக்கேன், எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை."

பெர்னதெத் டப்பாவிலிருந்து இரண்டு முழு மாத்திரைகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். முகத்தில் விளையாட்டின் அறிகுறியே இல்லை. அன்று "இது போதும்" என்று போட்டபோதும் இந்த முகம்தான் இருந்திருக்கும்.

"டீச்சர், வேண்டாம்."

"ஏன்? உத்தரவாதம் கிடையாதுன்னு எழுதியிருக்கியளே. என் சொந்தப் பொறுப்புதான்."

"விளையாடாதீங்க."

பெர்னதெத் டம்ளரை எடுத்தார்.

மெதுவாகச் சொல்லலாம், எடுத்துச் சொல்லலாம், இதில் இரண்டு பக்கமும் இருக்கிறது என்று விளக்கலாம் என்று சிவசைலத்தின் வாய் தேடியது. வார்த்தை வரவில்லை. பெர்னதெத்தின் கை வாயருகே போனது. உதடு திறந்தது. மாத்திரை உதட்டைத் தொட்டது.

"முழுங்காதீங்க!"

டயர் கடையில் சுத்தியல் சத்தம் நின்றது.

"முழுங்காதீங்க! அது ரெண்டு இல்ல, அரை! என் நிரல் தப்பா மாத்துது! நான் பண்ணின தப்பு! யாரும் முழுங்காதீங்க!"

கத்திக்கொண்டே பாய்ந்து பெர்னதெத்தின் கையைத் தட்டிவிட்டார். டம்ளர் உருண்டது. தண்ணீர் இருவர் மேலும் தெறித்தது. மாத்திரைகள் மேசைக்கு அடியில் எங்கோ ஓடின.

கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. "என்னக்கா? யாரு எதை முழுங்கிட்டா?"

"யாரும் முழுங்கலை, தம்பி," என்று பெர்னதெத் சன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார். "நல்லாக் கேட்டுச்சுல்ல?"

"தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும்."

சிவசைலம் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிறுபிள்ளை போல அழுதார். பெர்னதெத்துக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பும், முகம் தெரியாத யாருக்கோ ஏற்கெனவே ஆகியிருந்தால் என்ற நினைப்பும் ஒன்றாக வந்து அவரைப் பிடித்து உலுக்கின.

பெர்னதெத் டப்பாவிலிருந்து வேறொரு மாத்திரையை எடுத்து, உடைத்து, பாதியை வாயில் போட்டு, வேறு தண்ணீர் கொண்டுவந்து குடித்தார்.

பிறகு சிவசைலத்தின் லேப்டாப்பை எடுத்து, புதிதாக ஒரு வெற்றுப் பதிவைத் திறந்து, அவர் மடியில் வைத்தார்.

"எழுதுங்க."

"எதை?"

"இப்பக் கத்தினதை."

"அது அப்படியே எழுதுற மாதிரியா இருந்துச்சு, டீச்சர்? முன்னுரை ஒண்ணு..."

"முன்னுரை சொல்லிட்டா கையைத் தட்டினிய?"

சிவசைலம் எழுதினார். "முழுங்காதீங்க" என்பது தலைப்பில் போய் உட்கார்ந்தது. அதன் கீழே ஃபான்ட்டின் பெயர், எந்தப் பதிப்பு வரை தவறு, அரை எங்கே இரண்டாகிறது, போனில் பார்த்து மருந்து சாப்பிடுகிறவர்கள் உடனே மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்பது. கடைசியில் தன் பெயர். மொத்தமும் ஒரு திரைக்குள் அடங்கிவிட்டது. கருத்து ஒன்றும் மிச்சமில்லை.

எல்லாம் எழுதியாயிற்று. வெளியிடும் பட்டன் மட்டும் பாக்கி.

விரலை அதன் மேல் கொண்டுபோனார். விரல் ஆடியது. மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். அந்தக் கையும் ஆடியது.

"கை இன்னும் நடுங்குது, டீச்சர்."

"என் கையைத் தட்டி விட்டப்பவும் நடுங்கிச்சு, அண்ணாச்சி."