ஆறாவது விளக்கு

"ஆசானே, ஆறாவது விளக்கை எங்க மாட்டட்டும்?" என்று கேட்டாள் பிரிஸ்கா.

ரெஜிலா நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தாள். 

அவள் பிரிஸ்காவைவிட நாலு வயது இளையவள். வீட்டு முற்றங்களுக்கும் தோட்டங்களுக்கும் விளக்கு வைத்துக் கொடுப்பது தொழில். சுவரில் துளை போடுமுன் விளக்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, மூன்று நாள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். ஊரில் சிலர் அவளைச் சோம்பேறி என்றார்கள். மற்றவர்கள் ஆசான் என்றார்கள்.

பிரிஸ்கா இரண்டு மாதமாக அவளிடம் வேலை கற்கிறாள். கற்க வந்த காரணம் பயம்.

கணவன் மஸ்கட்டில். வீடு ஊரின் கடைசியில், மரங்களுக்கு நடுவில். கையில் ஏழு மாதக் குழந்தை, ஆன்றோ. யாராவது உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று மூன்று மாதமாக அவள் சரியாகத் தூங்கவில்லை.

"ஏற்கெனவே எத்தனை இருக்கு?" என்றாள் ரெஜிலா.

"அஞ்சு. அஞ்சும் மதில்மேல, வீட்டைப் பார்த்து. ஒரு பூனை வந்தாலும் தெரியணும்."

"கயிறு கட்டிப் பார்த்தீங்களா?"

"பயந்துகிடக்கிறவளுக்கு மூணு நாள் ரொம்ப நீளம், ஆசானே. நேரா துளை போட்டுட்டேன்."

"அப்புறம்?"

பிரிஸ்கா தலை குனிந்துகொண்டாள். "சன்னல் திரையில ஓர் ஆள் நிழல். பக்கத்து வீட்டாரை எல்லாம் கூப்பிட்டுட்டேன். வந்து பார்த்தா, பப்பாளி மரம்."

"அப்புறம்?"

"திரையைக் கழட்டிட்டேன். இப்ப நான் கடைக்குப் போனா, 'பப்பாளிக்காரன் சுகமா?'ன்னு கேக்கிறாங்க."

ரெஜிலா கொட்டையைத் துப்பிவிட்டு எழுந்தாள்.

"வாங்க. பார்ப்போம்."

இருட்டத் தொடங்கும்போது பிரிஸ்காவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பார்த்துக்கொள்ள வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கிளம்பினாள். ஐந்து விளக்கும் எரிந்தன. முற்றம் பந்து விளையாடும் மைதானம்போல வெளுத்துக் கிடந்தது.

"உள்ள நின்னு பாருங்க. என்ன தெரியுது?"

பிரிஸ்கா சன்னலருகே நின்றாள். கண் கூசியது. "விளக்குத்தான் தெரியுது."

"விளக்குக்குப் பின்னால?"

"ஒண்ணுமே தெரியல. அதுக்குத்தானே ஆறாவது கேக்கேன்."

"சரி, கேட்டுக்கு வெளிய வாங்க."

"பிள்ளை?"

"தொட்டில்ல கிடக்கட்டும்."

"தனியாவா?"

"பத்தே பத்து எட்டு, அக்கா."

பிரிஸ்கா திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தாள். கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றதும் ரெஜிலா அவள் தோளைப் பிடித்து வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

"இப்ப சொல்லுங்க."

சன்னல் தெரிந்தது. அதற்குள்ளே தொட்டில். அதிலிருந்து வெளியே நீட்டிய ஒரு குட்டிக் கால். காலில் கறுப்புக் கயிறு. பக்கத்துக் கட்டிலில் மடித்துவைத்த துணிகள். ஆணியில் தொங்கும் வீட்டுச் சாவி.

"எல்லாம் தெரியுது" என்றாள் பிரிஸ்கா.

"யாருக்கு?"

பிரிஸ்கா அடுத்த நொடி வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

ரெஜிலா மதில் ஏறினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்தையும் கழற்றினாள். மூன்றை மண்ணில் கவிழ்த்து வைத்தாள். ஒன்றின் தலையில் கிழிந்த ஓலைப்பெட்டியை மாட்டி, கீழே மட்டும் வெளிச்சம் விழும்படி வாசற்படிக்கு மேல் கயிற்றில் கட்டினாள். மற்றொன்றைப் பலாமரத்தின் அடியில், முழங்கால் உயரத்தில், வீட்டுக்கு முதுகு காட்டிக் கட்டினாள்.

"ரூம் விளக்கை அணைங்க, அக்கா."

"அணைக்கவா?"

"அணைங்க."

பிரிஸ்காவின் விரல் சுவிட்சின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அழுத்தியது.

முதலில் இருட்டு. மெல்ல மெல்லப் பலாமரம் வந்தது. அதன் தூரில் ஒட்டியிருந்த இரண்டு பிஞ்சு. செம்பருத்திச் செடி. துணி காயும் கொடி. கிணற்றுச் சுவர். மதிலின் இந்த மூலை, அந்த மூலை. எங்கேயும் யாருமில்லை. இத்தனை நாளும் யாருமே இல்லை.

ரோட்டில் நின்று ரெஜிலா குரல் கொடுத்தாள்.

"அக்கா, நான் தெரியுறேனா?"

"தெரியுது. இடது கால்ல ஒரு செருப்பு, வலது கால்ல வேற செருப்பு."

"அவசரத்துல மாத்திப் போட்டுட்டேன்."

பிரிஸ்காவுக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளை அவள் தோளில் எச்சில் ஒழுக்கிக்கொண்டிருந்தது.

"ஆசானே, அங்கிருந்து பார்த்தா நாங்க தெரியுறோமா?"

ரெஜிலா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தாள். அந்தப் பக்கம் நகர்ந்தும் பார்த்தாள்.

"எந்த நாங்க?" என்றாள்.