நிழற்குடைக்குள் ஒருவர்

அந்த நகரத்தின் பேருந்து நிறுத்தங்களையெல்லாம் வடிவமைத்த பொறியாளர் அறவாழி. அவருக்குப் போக்குவரத்துப் பாடம் சொன்ன செங்கமலம் அவரைவிட நான்கு வயது இளையவர். படிப்பு முடிந்த பிறகும், மனம் கொதித்தால் அறவாழி அவரிடம்தான் போவார். அன்றும் கொதித்துக்கொண்டுதான் போனார்.

“மேடம், இந்த ஜனங்களுக்கு எப்பதான் ஒழுங்கு வரும்? பளபளன்னு ஸ்டீல்ல நிழற்குடை கட்டிக் குடுத்திருக்கேன். ஒருத்தரும் உள்ள வர்றதில்ல. போன வாரம் பவுனம்மான்னு ஒரு அம்மா மேல பஸ் ஏறி, கால் போச்சு.”

“யார் தப்பு?”

“அந்தம்மா தப்புதான். நடுரோட்டுல எதுக்கு நிக்கணும்? நாளைக்கு விசாரணையில அதைத்தான் சொல்லப்போறேன்.”

செங்கமலத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டார்.

“கெளம்புங்க.”

அறவாழி கார் சாவியை எடுத்தார்.

“அதை உள்ள வைங்க. பஸ்ல போலாம்.”

பவுனம்மாள் விழுந்த அதே நிறுத்தம். வெயில் மண்டையைப் பிளந்தது. விளக்குக் கம்பத்தின் ஒல்லி நிழலில் நாலைந்து பேர் ஒருவர் பின் ஒருவராக ஒண்டி நின்றார்கள்.

“நீங்க கட்டினதுதானே? உள்ள போய் உக்காருங்க. பஸ் வந்ததும் ஏறுங்க” என்றார் செங்கமலம். அவர் வெளியிலேயே நின்றுகொண்டார்.

அழகுக்காகக் கூரையை உயரத் தூக்கிவிட்டதால், வெயில் நேராக இருக்கையில் இறங்கியிருந்தது. உட்கார்ந்த வேகத்தில் அறவாழி எழுந்துவிட்டார். வலப்பக்கம் எட்டிப் பார்த்தார். ஆளுயரத்துக்கு மேல் நகைக்கடை விளம்பரம். பஸ் வரும் திசையையே நகைக்கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள், புண்ணியவான்கள். அதற்குச் சம்மதித்ததும் அறவாழிதான்.

பஸ் வந்தது அவருக்குத் தெரியவில்லை. கம்பத்தடியில் நின்றவர்கள் ரோட்டில் இறங்கிக் கை காட்டி, தாவி ஏறினார்கள். அவர் வெளியே வருவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. பின்னாலேயே ஓடித் தட்டிப் பார்த்தார். நிற்கவில்லை.

“மேடம்! ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா? உள்ள ஒரு ஆள் இருக்கேன்ல?”

“டிரைவருக்கு அது தெரியலயே சார்.”

அறவாழி பல்லைக் கடித்தார். “அடுத்த பஸ்ஸை விடமாட்டேன்.”

அதன்பிறகு அவர் உள்ளே போகவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு நடைபாதையை விட்டு இறங்கினார். விளம்பரம் மறைத்தது. இன்னும் ஓர் எட்டு வைத்தார். அப்போதும் மறைத்தது. கழுத்தை நீட்டிக்கொண்டு மேலும் நகர்ந்தார்.

ஒரு வேன் அவர் சட்டையை உரசிக்கொண்டு போனது.

“யோவ், வீட்ல சொல்லிட்டு வந்தியா?” என்று கத்தினான் ஓட்டுநர்.

“பார்த்து ஓட்டுடா!” என்று பதிலுக்குக் கத்தினார் அறவாழி. இடத்தை விட்டு மட்டும் நகரவில்லை.

செங்கமலம் அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் வெளியே வந்துவிட்டது.

“நீங்க எதுக்கு சார் நடுரோட்டுல நிக்கிறீங்க?”