எறும்பு தின்ற கோலம்

அந்தக் காலத்தில் எறும்புக்கும் பேச்சு உண்டு; ஆரம்பித்தால் லேசில் நிறுத்தாது. அப்போது கடலோரத்தில் ஓர் ஊர் இருந்தது. எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். ஏழே ஏழு இடத்தில் மட்டும் நல்ல தண்ணீர் ஊறும். அந்த ஏழு கிணற்றையும் ஏழு புள்ளியாக்கி, நடுவில் நிற்கும் புன்னைமரத்தைச் சுழியாக்கி, முன்னோர்கள் கோயில் கல்லில் ஒரு கோலம் செதுக்கியிருந்தார்கள். கோலத்தில் ஒரு விரற்கடை தள்ளியிருந்தால் தரையில் பத்து எட்டு நடக்க வேண்டும் என்பது கணக்கு. கல்லில்தான் இருக்கிறதே என்று ஊர் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

பூவாயிக்கு மட்டும் எதையும் சும்மா பார்த்துவிட்டுப் போக வராது. அதே கோலத்தைத் தன் வாசலில் அரிசிமாவால் போட்டாள். வெயில் ஏறுவதற்குள் எறும்புகள் தின்று தீர்த்தன. மறுநாளும் அதே கதை. எறும்புக்கு ஆக்கிப் போடுகிறாள் என்று தெருவே சிரித்தது. ரோஷம் வந்து ஒருநாள் சுண்ணாம்பைக் குழைத்துப் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் ஒரு பிள்ளையார் எறும்பு படியேறி வந்தது.

"நாங்க என்ன தப்புப் பண்ணினோம் ஆத்தா? பிள்ளைங்க காலையிலேருந்து பட்டினி."

பூவாயிக்கு மனசு கேட்கவில்லை. சுண்ணாம்பைச் சுரண்டிப் போட்டுவிட்டு மாவுக்கே திரும்பினாள். இவள் போட, அவை தின்ன, ஒன்பது வருஷம் ஓடியது.

ஒருநாள் கடல் எழுந்து ஊருக்குள் வந்தது. மேட்டுக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் வீடில்லை, கோயிலில்லை, கல்லுமில்லை. இடுப்பளவு மணலில் புன்னைமரம் மட்டும் நின்றது. தோண்டிய இடமெல்லாம் உப்பு. இரண்டாம் நாள் குழந்தைகள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன. கிணறு எங்கே என்று யாரைக் கேட்டாலும், கல்லில் இருந்ததே என்றார்கள்.

பூவாயி மரத்தடியில், வாசலில் கோலம் போடும்போது உட்காருவது போலவே கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். யோசித்தால் ஒன்றும் வரவில்லை. மணலில் விரலை வைத்ததும் கை தானாக ஓடியது. முதல் புள்ளியை வைத்தபோது, மரத்தில் ஏறித் தப்பிய எறும்பு கீழே இறங்கி வந்தது.

"இன்னும் ஒரு விரல் தள்ளி வைங்க ஆத்தா. தினம் நடந்த வழி எங்களுக்குத் தெரியாதா?"

தள்ளி வைத்தாள். மரத்திலிருந்து விரற்கடைக்குப் பத்து எட்டாக எண்ணிப் போய்த் தோண்டினார்கள். ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்த பூவாயி அழுதுவிட்டாள். இனித்தது.

அன்று முதல்தான் கல்லை நம்பி இருந்துவிடாமல், தினம் விடிந்ததும் வாசலில் அரிசிமாவால் கோலம் போடுகிறார்கள். எறும்பு வந்தால் யாரும் விரட்டுவதில்லை. அது தின்று முடித்தால்தானே நாளைக்கும் கை போடும்.