ஆற்றுக்குப் போகாத ஏடு

நல்லமங்கலத்தை ஆண்ட செண்பகமாறனுக்கு இலக்கியம் என்றால் உயிர். தன்னைப் பற்றிய இலக்கியம் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல் உயிர். அதனால் அவன் சபையில் எப்போதும் புலவர் கூட்டம் அலைமோதும். அரசன் கொட்டாவி விட்டால்கூட அதற்கு ஒரு வெண்பா தயாராக இருக்கும்.

அந்தச் சபைக்கு ஒரு நாள் ஆதிரையார் என்ற புலவர் தம் நூலை அரங்கேற்ற வந்தார். வயதான அம்மாள். மலையையும் மழையையும் பாடாமல், வாழ்நாளெல்லாம் மனிதர்களையே உற்றுப் பார்த்து எழுதியிருந்தார். பேராசைக்கு ஓர் அதிகாரம், தற்பெருமைக்கு ஒன்று, பொறாமைக்கு ஒன்று, முகத்துதிக்கு ஒன்று என்று நூல் வளர்ந்திருந்தது. யார் பெயரும் அதில் கிடையாது.

அந்நாட்டு வழக்கப்படி, சபை ஏற்றுக்கொண்ட நூலைப் பட்டில் சுற்றி யானைமேல் ஊர்வலம் விடுவார்கள். ஏற்காத நூலை ஆற்றில் விட்டுவிடுவார்கள். ஆதிரையாரிடம் இருந்ததோ அந்த ஒரே ஏடு.

அவர் படிக்கத் தொடங்கினார். பேராசை அதிகாரம் வந்ததும் பொக்கிஷ அதிகாரி நல்லசிவம் நெளிந்தார். தற்பெருமை வந்ததும் சேனாதிபதி வீரபாகு மீசையைத் தடவுவதை நிறுத்தினார். பொறாமை வந்ததும் தலைமைப் புலவர் கடம்பனாருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கடைசியாக முகத்துதி. புகழ்ந்தே பிழைப்பவர்களையும், அதைக் கேட்டே வயிறு நிறைகிறவர்களையும் பற்றிய அதிகாரம் அது. பக்கத்து நாட்டு ராஜாவை எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று செண்பகமாறன் தலையை ஆட்டினான். அரசன் ஆட்டியதால் சபையும் ஆட்டியது.

படித்து முடித்ததும் நல்லசிவம் எழுந்தார். இது என்னைப் பற்றியது என்று எந்த மனிதராவது சொல்வாரா? அவர் வேறு வழியைப் பிடித்தார்.

"மன்னா, நூல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேராசை என்ற குணமே நம் நாட்டில் இல்லையே. அந்த அதிகாரம் எதற்கு?"

"தற்பெருமையும் அப்படித்தான்" என்றார் வீரபாகு. "என்னைப் போன்ற மாவீரன் இருக்கும் நாட்டில் அது எப்படி இருக்கும்?"

"பொறாமையையும் எடுத்துவிடலாம்" என்றார் கடம்பனார். "எடுத்தாலும் தேறுமா என்பது வேறு விஷயம்."

"புலவரே, இந்த மூன்றையும் எடுத்துவிடுங்கள்" என்றான் அரசன்.

"முகத்தில் கண், மூக்கு, வாயை எடுத்துவிட்டு அழகு பார்க்கச் சொல்கிறீர்கள் அரசே. என்னால் முடியாது" என்றார் ஆதிரையார்.

"அப்படியானால் ஆற்றில் விட வேண்டியதுதான்."

அந்த அம்மாள் ஏட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். ஓர் ஆயுள் உழைப்பு, மூன்று பேருக்கு உறுத்தியதற்காக மீனுக்குப் போகப் போகிறது. நினைத்தால் வயிறு எரிகிறது.

அப்போது எழுந்தான் அம்பலக்கூத்தன். சபையில் விகடம் பேசுவதற்கென்றே இருந்தவன்.

"மன்னா, எடுக்கும் வேலையை என்னிடம் கொடுங்கள். இப்போதே முடிக்கிறேன். ஆனால் நம் நாட்டில் இல்லை என்று எடுத்த பிறகு, யாராவது ஒருவர் இருக்கிறது என்று சொன்னால் பக்கத்து நாட்டு ராஜா சிரிப்பார். ஆகவே ஒவ்வொன்றுக்கும் சபை முழுவதும் சம்மதம் சொல்ல வேண்டும்."

பக்கத்து நாட்டு ராஜா சிரிப்பார் என்றால் போதும், செண்பகமாறன் எதற்கும் சம்மதிப்பான். சம்மதித்தான்.

"முதலில் பேராசை. நம் நாட்டில் இல்லை. எடுத்துவிடலாமா?"

"அது மட்டும் இருக்கட்டும்" என்று சேனாதிபதி எழுந்தார். "என் குதிரைகளுக்கு வர வேண்டிய கொள்ளில் பாதி எங்கே போகிறது என்று நல்லசிவத்தைக் கேளுங்கள். அவர் வீட்டில் புது மாடி எழும்பியிருக்கிறது."

"சரி, இருக்கட்டும். அடுத்தது தற்பெருமை."

"ஐயோ, அதைத் தொடாதே" என்றார் கடம்பனார். "இந்தச் சேனாதிபதி நூறு யானையைக் கொன்றதாக நான்தான் பாடினேன். போர் நடந்த அன்று இவருக்கு வயிற்றுப்போக்கு. கூடாரத்தை விட்டே வரவில்லை."

"அதுவும் இருக்கட்டும். பொறாமையையாவது எடுத்துவிடலாமா?"

நல்லசிவம் துள்ளி எழுந்தார். "எப்படி எடுப்பது? அந்த அம்மாள் வாயைத் திறக்கும் முன்பே, முதல் பாட்டில் பிழை இருக்கிறது என்று கடம்பனார் என் காதில் சொன்னார்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். தன் அதிகாரம் போக வேண்டும், அடுத்தவன் அதிகாரம் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவர்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை.

"மன்னா, எடுக்கத்தான் பார்த்தேன். உங்கள் சபைதான் விடமாட்டேன் என்கிறது" என்றான் கூத்தன்.

அரசன் தாடையைத் தடவினான். "சரி. முகத்துதி என்று ஒன்று இருந்ததே. அதை எடுக்கச் சொல்லி ஏன் ஒருவரும் கேட்கவில்லை?"

சபை தரையைப் பார்த்தது.

"எப்படிக் கேட்பார்கள் மன்னா? அது இவர்களுக்குச் சோறு போடுகிற அதிகாரம்."

"அப்படியானால் அதில் வருகிற ராஜா?"

கூத்தன் கையைக் கட்டிக்கொண்டான். "நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டியது தாங்கள்தான்."

செண்பகமாறன் முகம் சிவந்தது. பிறகு மெல்ல உதடு விரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தான். உடனே சபையும் சிரித்தது. நல்லசிவம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடம்பனார் கண்ணீர் வரச் சிரித்தார்.

அரசன் சட்டென்று சிரிப்பை நிறுத்தினான். சபையும் சட்டென்று நிறுத்தியது.

"அம்மா" என்றான் கூத்தன் ஆதிரையாரிடம், "அந்த அதிகாரத்துக்கு நீங்கள் உரை எழுத வேண்டாம். இவர்களே எழுதிவிட்டார்கள்."

"நூல் முழுதாக யானை ஏறட்டும்" என்று சொல்லிவிட்டு அரசன் மறுபடியும் சிரித்தான். இந்த முறை கூடச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சபை திருதிருவென்று விழித்தது.