மேட்டுத்தெருவில் ஓடிய பேட்டரி ஜீப்

எங்கள் மேட்டுத்தெருவில் அறிவாளிகளுக்குப் பஞ்சமே கிடையாது. தண்ணிக்குத்தான் பஞ்சம். குழாய் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன தெரு முன்னேற்றச் சங்கத்துக்கு அன்றைக்குக் காலையில்தான் ஒரு வழி பிறந்தது. கவுன்சிலரின் பேத்தி ஓவியா ஏறி ஓட்டுகிற பொம்மை பேட்டரி ஜீப் நின்றுபோனது.

“சாயங்காலம் பாப்பா இதுல வந்துதான் பிறந்தநாள் கேக் வெட்டுவேன்னு அடம் பிடிக்குது. ஓட வச்சிட்டீங்கன்னா நாளைக்கே குழாய். இல்லேன்னா அடுத்த எலெக்‌ஷனுக்குப் பார்ப்போம்” என்றார் கவுன்சிலர்.

சங்கத் தலைவர் ஞானசிகாமணி ஜீப் கம்பெனிக்கு போன் போட்டார். “பேட்டரி இறங்கியிருக்கும் சார். சார்ஜ் போடுங்க. பச்சை லைட் வந்ததும் ஓட்டிப் பாருங்க” என்றாள் அங்கே பேசிய பெண்.

போட்டார்கள். பச்சையும் வந்தது. செயலாளர் அருமைநாயகம் பெடலை அமுக்கினார். ஜீப் அசையவில்லை. எப்படி அசையும்? சார்ஜர் வயர் சொருகியிருந்தால் அந்த ஜீப் ஓடாது.

“வயரைப் பிடுங்கிட்டுப் பார்ப்போமா?” என்றார் பொருளாளர் குப்பமுத்து.

“அந்தப் பொண்ணு பிடுங்கச் சொல்லுச்சா?” என்றார் தலைவர்.

“சொல்லலை.”

“சொல்லாததைச் செஞ்சு ஏதாச்சும் ஆயிட்டா யாரு பதில் சொல்றது? உங்க மாமனாரா?”

பிடுங்குவதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். மறுபடி போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. கவுன்சிலர் வீட்டில் மைக்செட் வேறு அலறத் தொடங்கிவிட்டது. தலைவருக்கு அழுகையே வந்துவிட்டது, பாவம்.

துணைத்தலைவர் சூசைதான் வாயைத் திறந்தார். “சப்பரத்துல சாமி என்ன நடந்தா வருது? தூக்கிட்டுத்தானே வர்றோம்?”

அடடா, என்ன மூளை! தெருவிலிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சொருகி வயரை நீட்டினார்கள். இரண்டு மூங்கிலில் ஜீப்பைக் கட்டி, ஓவியாவை உட்காரவைத்து, நாலு பேரும் தோளில் ஏற்றினார்கள்.

பாப்பா பெடலை அமுக்கினாள். நடந்தார்கள். காலை எடுத்தாள். தோள் இற்றுப்போக அப்படியே நின்றார்கள். “ரிவர்ஸ்!” என்றாள். வந்த வழியே பின்னால் நடந்தார்கள்.

தெருமுக்கில் அவள் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தாள்.

“ஐயய்யோ, அங்கே சாக்கடை!” என்றார் குப்பமுத்து.

“வண்டியை ஓட்டுறது நாமளா? பாப்பா திருப்பினா திரும்பித்தான் ஆகணும்” என்றார் தலைவர்.

இறங்கினார்கள். இடுப்பளவு. பாப்பாவுக்கு ஒரே குஷி, ஹாரனை விடாமல் அடித்தாள்.

பேத்தியின் சிரிப்பைப் பார்த்ததும் வாசலில் நின்ற கவுன்சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. “முன்னே கடகடன்னு சத்தம் போடும். இப்ப என்ன அமைதியா ஓடுது! மைலேஜ் எப்படிய்யா?”

“தெருவுக்கு நாலு டீ ஆகுதுங்க” என்றார் அருமைநாயகம், மூச்சு வாங்கிக்கொண்டே.

மறுநாள் சொன்னபடி குழாய் போட ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே கவுன்சிலரும் தன் சொந்தக் காரில் வந்து இறங்கினார்.

“இதையும் அதே மாதிரி மாத்திக் குடுத்துடுங்கய்யா. டீசல் போட்டுக் கட்டுப்படியாகலை.”

நால்வரும் காரைச் சுற்றிச்சுற்றி வந்தார்கள். பம்பரைத் தூக்கிப் பார்த்தார்கள். ஞானசிகாமணி கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போயிற்று.

“மன்னிக்கணும் ஐயா. இது கியர் வண்டி. எங்க நாலு பேர்ல ஒருத்தர்கிட்டயும் லைசென்ஸ் இல்லை.”